பதிப்பகத் தளத்தின் மெட்டா டேக்குகள்: எதை வைத்துக்கொள்வது, எதை நீக்குவது?

ஏட்டுச்சுவடி (கேள்வி)

நண்பர்களுக்கு வணக்கம். நாங்கள் நடத்தும் சிறு பதிப்பகத்துக்குச் சில ஆண்டுகளாக ஓர் இணையதளம் இருக்கிறது. அதை பிஎச்பி-யில் எழுதிக் கொடுத்த தம்பி வெளிநாடு சென்றுவிட்டதால், ஓரளவு ஹெச்டிஎம்எல் தெரிந்த நானே இப்போது பார்த்துக்கொள்கிறேன். நூலுக்கு ஒரு பக்கம், எழுத்தாளருக்கு ஒரு பக்கம், புத்தகக் கடைக்காரர்களுக்கான கழிவு விலைப் பட்டியல் ஒன்று என்பதுதான் தளத்தின் அமைப்பு. எந்தப் பக்கத்தின் மூலநிரலைத் திறந்தாலும் ஹெட் பகுதியில் ஏறத்தாழ இருபது மெட்டா வரிகள் (பக்கத்தைப் பற்றி உலாவிக்கும் தேடுபொறிக்கும் சொல்பவை, வாசகர் திரையில் தெரியாதவை) நிற்கின்றன. முதலில் டைட்டில், அதன்பின் டிஸ்கிரிப்ஷன், அதற்கும் கீழே சார்செட், பிறகு கீவேர்ட்ஸ், ஆத்தர், காப்பிரைட், ரிவிசிட்-ஆஃப்டர், வியூபோர்ட் என்று போகிறது. டிஸ்கிரிப்ஷனில் எல்லா நூல் பக்கங்களிலும் "சிறந்த தமிழ் நூல்களைத் தரமான முறையில் வெளியிடும் பதிப்பகம்" என்ற ஒரே வாசகம் இருக்கிறது. எழுத்தாளர் பக்கங்களில் மட்டும் அவரது வாழ்க்கைக் குறிப்பு முழுவதையும் அதற்குள் கொட்டியிருக்கிறார்கள்.

இதைக் கிளற வேண்டிய நிலை இப்போது வந்திருக்கிறது. தேடுபொறியில் முதல் பக்கத்துக்குக் கொண்டுவருவதாகச் சொல்லும் ஒரு நிறுவனம், கீவேர்ட்ஸ் டேக்கை நூல்தோறும் நிரப்பித் தருவதற்குப் பக்கக் கணக்கில் கட்டணம் கேட்கிறது. மற்றப் பெரிய பதிப்பகங்களின் பெயர்களையும் அதில் சேர்த்தால் அவர்களைத் தேடுபவர்கள் நம்மிடம் வருவார்கள் என்கிறது. புதிய நூலின் இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அட்டைப்படம் வராமல் எங்கள் பழைய சின்னமே வருகிறது, அதற்குக் கீழுள்ள வாசகம் பாதியில் அறுந்து, கடைசியில் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் ஒரு கேள்விக்குறியோடு நிற்கிறது. வாசகர்கள் சிலர், எழுத்தாளர் பக்கங்களைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஏதோ ஐரோப்பிய எழுத்துகள் தெரிவதாக எழுதுகிறார்கள்; என் கணினியில் எல்லாம் சரியாகவே தெரிகிறது. போதாக்குறைக்கு, கடைக்காரர்களுக்கு மட்டும் என்று வைத்திருந்த விலைப் பட்டியலின் முகவரி கூகுளில் வருகிறது.

இந்த வரிகளில் எவை உண்மையில் வேலை செய்கின்றன, எவற்றை நீக்கினால் ஒன்றும் குறையாது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வலைத்தச்சன்

கீவேர்ட்ஸுக்காக ஒரு பைசாவும் கொடுக்காதீர்கள். 1990-களின் நடுப்பகுதியில் அல்டாவிஸ்டா போன்ற தேடுபொறிகள் அந்த டேக்கைப் படித்துப் பக்கங்களை வரிசைப்படுத்தியது உண்மைதான். ஆனால் பக்கத்துக்குச் சம்பந்தமே இல்லாத சொற்களை ஆளாளுக்கு நிரப்பத் தொடங்கிய பிறகு அதன் மதிப்பு போய்விட்டது. வலைத் தேடலின் தரவரிசைக்குக் கீவேர்ட்ஸ் டேக்கைத் தாங்கள் பயன்படுத்துவதில்லை என்று கூகுளே 2009 செப்டம்பரில் வெளிப்படையாக அறிவித்துவிட்டது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அதைப் பக்கக் கணக்கில் விற்கிறார்கள் என்றால், அந்த நிறுவனம் சொல்லும் மற்ற யோசனைகளையும் அதே அளவு சந்தேகத்துடன் கேட்டுக்கொள்வது நல்லது.

மற்றப் பதிப்பகங்களின் பெயர்களைச் சேர்க்கும் யோசனை பயனற்றது என்பதோடு ஆபத்தானதும்கூட. ஷாதி டாட் காம் தளத்தை நடத்தும் நிறுவனம் தொடுத்த வழக்கில், தன் மெட்டா டேக்குகளில் அந்தப் பெயரைப் பயன்படுத்திய இன்னொரு தளத்துக்கு எதிராக 2014-இல் மும்பை உயர் நீதிமன்றம் தடை விதித்திருக்கிறது. தேடுபொறி மதிக்காத டேக்குக்காக நீதிமன்றப் படி ஏற வேண்டுமா?

டிஸ்கிரிப்ஷன் விஷயம் வேறு. அதுவும் தரவரிசையை உயர்த்தாது. ஆனால் தேடல் முடிவில் தலைப்புக்குக் கீழே வரும் இரண்டு மூன்று வரிகளுக்குக் கூகுள் அதை எடுத்துக்கொள்ளக்கூடும், அந்த வரிகளைப் பார்த்துத்தான் வாசகர் சொடுக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார். உங்கள் தளத்தில் இருக்கும் பொது வாசகம் எந்தப் பதிப்பகத்துக்கும் பொருந்தும், ஆகவே எந்த நூலைப் பற்றியும் எதையும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, "தாமிரபரணிக் கரையில் கைத்தறி நெசவை நம்பி வாழ்ந்த ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை. நாவல், டெமி அளவு, 312 பக்கங்கள், கெட்டி அட்டை" என்பது போல அந்த நூலுக்கு மட்டுமே பொருந்தும் செய்தி இருந்தால், தேடி வந்தவர் தனக்கு வேண்டியது இதுதானா என்று ஒரே பார்வையில் அறிந்துகொள்வார். இத்தனை எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பு எதையும் கூகுள் வைக்கவில்லை. திரையின் அகலத்துக்கு ஏற்ப வெட்டிக்கொள்கிறது. தமிழ் எழுத்துகள் அகலமானவை என்பதால் முக்கியமானதை முதல் வாக்கியத்திலேயே வைத்துவிடுங்கள்.

ஒரு சிறு குறிப்பு: டைட்டில் என்பது மெட்டா டேக் அன்று, தனி டேக். ஆனால் இந்த இருபது வரிகளையும் விட அதற்குத்தான் எடை அதிகம். நூலின் பெயரும் ஆசிரியர் பெயரும் அதில் முன்னால் வருகின்றனவா என்று பாருங்கள்.

கரையோரம்

வலைத்தச்சன் சொல்வதில் டிஸ்கிரிப்ஷன் பற்றிய பகுதியில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. நாம் எழுதி வைத்ததை விட்டுவிட்டு, பக்கத்தின் உள்ளே இருக்கும் வேறொரு வாக்கியத்தைக் கூகுள் எடுத்துக் காட்டுவதைத்தான் நான் பெரும்பாலும் பார்க்கிறேன். தேடப்பட்ட சொல் எங்கே இருக்கிறதோ அந்த வரியை அது விரும்புகிறது. நூற்றுக்கணக்கான நூல்கள் இருக்கும் தளத்தில் ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து எழுதுவதைவிட, டேக்கையே எடுத்துவிட்டு, பக்கத்தில் உள்ள நூல் அறிமுகத்தை நன்றாக எழுதினால் போதாதா?

வலைத்தச்சன்

கூகுள் மாற்றிக் காட்டுகிறது என்பது சரி. ஆனால் அது மாற்றுவதற்குக் காரணமே, பல நேரங்களில், எல்லாப் பக்கத்திலும் ஒரே வாசகம் இருப்பதுதான். நூலின் பெயரையோ ஆசிரியர் பெயரையோ கொடுத்து ஒருவர் தேடும்போது, அந்தப் பெயரும் நூலின் பொருளும் டிஸ்கிரிப்ஷனில் இருந்தால் அதை எடுத்துக்கொள்ள வாய்ப்பு கூடுகிறது. மேலும், ஓஜி டேக்குகள் (இணைப்பைப் பகிரும்போது வரும் முன்னோட்டத்துக்கான ஓப்பன் கிராஃப் வரிகள்) இல்லாதபோது செய்திச் செயலிகளும் சமூக ஊடகங்களும் இதே வரியைத்தான் தேடிப் பிடிக்கின்றன. எல்லா நூல்களுக்கும் கையால் எழுத வேண்டியதில்லை. நன்றாக விற்பவற்றுக்கும் புதிய வரவுகளுக்கும் எழுதிவிட்டு, மற்றவற்றுக்கு ஆசிரியர், வகை, பக்கங்கள், பதிப்பு ஆண்டு ஆகியவற்றைத் தரவுத்தளத்திலிருந்து கோத்து ஒரு வாக்கியமாக அமைக்கலாம். பெரிய தளங்கள் அப்படி நிரல் வழியே உருவாக்கிக்கொள்வதைக் கூகுளின் வழிகாட்டுதலே ஏற்கிறது. பொது வாசகத்தை எல்லா இடத்திலும் ஒட்டி வைப்பதற்குப் பதிலாக டேக்கே இல்லாமல் இருப்பது மேல் என்ற அளவில் மட்டும் கரையோரத்துடன் உடன்படுகிறேன்.

நிரல்மொழி

எழுத்து உடைவதைப் பற்றி யாரும் இன்னும் தொடவில்லை. எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. கோப்பின் குறியாக்கம், அதாவது எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமித்திருக்கும் முறை, எது என்று சொல்லும் சார்செட் வரி டிஸ்கிரிப்ஷனுக்குக் கீழே இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், கோளாறு அங்கேதான் இருக்கிறது.

ஹெச்டிஎம்எல் விதிப்படி, சார்செட் மெட்டா முழுவதும் கோப்பின் முதல் 1,024 பைட்டுகளுக்குள் முடிந்துவிட வேண்டும். உலாவி அந்த அளவுவரை முன்னோட்டமாகப் பார்த்துத்தான் குறியாக்கத்தை முடிவு செய்கிறது. ஆங்கிலத் தளங்களுக்கு அது தாராளமான இடம். யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது; உயிர்மெய்யில் மெய்க்கு ஒரு குறி, கொம்புக்கோ காலுக்கோ இன்னொரு குறி. "தமிழ்" என்ற சொல் கண்ணுக்கு மூன்று எழுத்து, யூனிகோடில் ஐந்து குறிகள், கோப்பில் 15 பைட்டுகள். ஆகவே 1,024 பைட்டுகளில் தமிழ்க் குறிகள் 341-தான் அடங்கும், அதிலும் டைட்டிலும் மற்ற டேக்குகளும் தம் பங்கை எடுத்துக்கொள்கின்றன. ஓர் எழுத்தாளரின் பிறப்பு, படிப்பு, விருதுகள் எல்லாவற்றையும் டிஸ்கிரிப்ஷனில் கொட்டினால் சார்செட் வரி அந்த எல்லைக்கு வெளியே தள்ளப்பட்டுவிடும். நூல் பக்கங்களில் வாசகம் சிறியது என்பதால் அங்கே தப்பித்துக்கொள்கிறீர்கள். புதிய உலாவிகள் பல, பின்னால் சார்செட்டைக் கண்டாலும் திரும்பிப் போய்ச் சரிசெய்துகொள்கின்றன. எல்லா மென்பொருளும் அப்படிச் செய்யும் என்று நம்ப முடியாது. உங்களுக்குச் சரியாகவும் சில வாசகர்களுக்குக் கோணலாகவும் தெரிவது அதனால் இருக்கலாம்.

எனவே ஹெட் திறந்தவுடன் முதல் வரியாக சார்செட்டை வையுங்கள், டைட்டிலுக்கும் மேலே. அதோடு, பக்கத்துக்கு முன்னால் சர்வர் உலாவிக்கு அனுப்பும் கன்டென்ட்-டைப் என்ற தலைப்புக் குறிப்பிலும் (ஹெடர்) யூடிஎஃப்-8 என்று வருகிறதா என்று பாருங்கள். சர்வர் ஒன்றைச் சொல்லி மெட்டா வேறொன்றைச் சொன்னால் உலாவி சர்வரைத்தான் நம்பும். சர்வர் தவறாகச் சொல்லிக்கொண்டிருந்தால் மெட்டாவை எத்தனை முறை திருத்தினாலும் பயன் இராது. பிஎச்பி-யில் ஹெடர் கட்டளை ஒன்றைச் சேர்த்தால் இது முடிந்துவிடும்.

ஆனால் அதற்கு முன் வாசகர்களிடம் ஒரு திரைப்பிடிப்பைக் கேட்டு வாங்குங்கள். தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஏ எழுத்தும், அதற்கு அடுத்து வட்டத்துக்குள் ஆர் போட்ட வணிகக்குறியும் அடிக்கடி திரும்பத் திரும்ப வந்தால், அது யூடிஎஃப்-8 தமிழை மேற்கு ஐரோப்பியக் குறியாக்கமாக உலாவி படித்திருப்பதன் அடையாளம். தமிழ்க் குறிகள் எல்லாவற்றுக்கும் முதல் பைட் ஒன்றே என்பதால் அந்த ஏ விடாமல் வரும். அப்படியானால் மேலே சொன்ன திருத்தம் போதும். அந்த வரிசை இல்லாமல் வேறு விதமான லத்தீன் எழுத்துக் கலவை தெரிந்தால், அந்தப் பக்கத்தின் உரை யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டு அப்படியே ஒட்டப்பட்டிருக்கலாம். டிஸ்கி, அல்லது 1999 தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற டாம், டாப் குறியாக்கங்கள், இவை தவிர அச்சகங்கள் பயன்படுத்திய தனித்தனி எழுத்துருக்கள் என்று பலவகை உண்டு. பதிப்பகங்களின் பழைய கோப்புகளில் இது மிகச் சாதாரணம். அங்கே மெட்டா டேக்கால் ஒன்றும் ஆகாது, உரையையே யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். பழைய எழுத்துரு நிறுவப்பட்டிருக்கும் கணினியில் அந்தப் பக்கம் பிழையில்லாமல் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள். பதிப்பகத்துக் கணினி அப்படிப்பட்டதாக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் வாசகம் அறுந்து கேள்விக்குறி வருவதும் இதே குடும்பத்துப் பிழைதான். நிரலில் எங்கோ சப்ஸ்டிரிங் கட்டளையால் 160 என்று வெட்டியிருப்பார்கள். பிஎச்பி-யின் சாதாரண சப்ஸ்டர் பைட்டுகளை எண்ணுமே தவிர எழுத்துகளை எண்ணாது. மூன்று பைட்டுக் குறியின் நடுவில் கத்தி விழுந்தால் மிச்சமுள்ள அரைகுறை பைட்டைக் காட்டத் தெரியாமல் சாய்சதுரம் வருகிறது. எம்பி_சப்ஸ்டர் பயன்படுத்தினால் சாய்சதுரம் போய்விடும், ஆனால் "தமிழ்" என்பது புள்ளியை இழந்து "தமிழ" என்று நிற்கும் அபாயம் உண்டு. கிராஃபீம்_சப்ஸ்டர் எழுத்தை முழு எழுத்தாகவே எண்ணும். அதைவிட நல்லது, வெட்டுவதை விட்டுவிட்டு, கடைசியாக வரும் இடைவெளியில் நிறுத்துவது.

திண்ணை வாசகர்

அட்டைப்படம் பற்றிச் சொல்கிறேன். வாட்ஸ்அப் முதலில் தேடுவது ஓப்பன் கிராஃப் டேக்குகளை. ஃபேஸ்புக் 2010-இல் கொண்டுவந்த ஏற்பாடு அது. பிறகு மற்றவர்களும் அதையே ஏற்றுக்கொண்டார்கள். ஓஜி:டைட்டில், ஓஜி:டைப், ஓஜி:இமேஜ், ஓஜி:யூஆர்எல் ஆகிய நான்கும் அடிப்படை, ஓஜி:டிஸ்கிரிப்ஷனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவற்றில் வழக்கமான நேம் என்ற பண்புக்குப் பதிலாக பிராப்பர்ட்டி என்ற பண்பை எழுத வேண்டும். பலர் தடுக்கி விழும் இடம் இது. படத்தின் முகவரியும் ஹெச்டிடிபிஎஸ்-இல் தொடங்கும் முழு முகவரியாக இருக்க வேண்டும், தளத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் பாதி முகவரி போதாது.

பதிப்பகங்களுக்கென்று ஒரு தொல்லை உண்டு. நூலின் அட்டை நெடுக்கு வடிவம், ஆனால் ஃபேஸ்புக் பரிந்துரைப்பது 1,200-க்கு 630 பிக்சல் கொண்ட கிடை வடிவம். அட்டையை அப்படியே கொடுத்தால் மேலும் கீழும் வெட்டுப்பட்டு, நூலின் பெயரும் ஆசிரியர் பெயரும் காணாமல் போகும். கிடை வடிவப் பின்னணி ஒன்றின் நடுவில் அட்டை முழுவதையும் வைத்துத் தனிப்படமாகச் சேமியுங்கள். அச்சுக்கு அனுப்பிய கனமான கோப்பை ஏற்றாதீர்கள். வாட்ஸ்அப்புக்குப் படம் 600 கேபி-க்குள் இருப்பது நல்லது.

திருத்திய பிறகும் பழைய சின்னமே வந்தால் பதற வேண்டாம், முன்பு எடுத்ததைச் சேமித்து வைத்துக் காட்டுகிறது என்று பொருள். ஃபேஸ்புக்குக்கு அதன் ஷேரிங் டீபக்கர் பக்கத்தில் முகவரியைக் கொடுத்து மறுபடி எடுக்கச் சொல்லலாம். வாட்ஸ்அப்பில் முன்னோட்டம் அனுப்புபவரின் கைபேசியிலேயே உருவாகிச் செய்தியோடு போய்விடுவதால், ஏற்கெனவே அனுப்பியவை மாறா.

ஏட்டுச்சுவடி

மிக்க நன்றி. திரைப்பிடிப்பு ஒன்று வந்துவிட்டது: நிரல்மொழி அவர்கள் சொன்ன ஏ-யும் வட்டத்து ஆரும் பக்கம் முழுக்க இருக்கின்றன. சார்செட்டை முதல் வரிக்கு ஏற்றிவிட்டேன். விலைப் பட்டியல் மட்டும் மிச்சம். ரோபாட்ஸ் டாட் டெக்ஸ்ட் கோப்பில் அந்த முகவரியைத் தடுத்திருக்கிறோம், பக்கத்தில் நோஇண்டெக்ஸ் மெட்டாவும் இருக்கிறது. இரண்டும் இருந்தும் ஏன் கூகுளில் வருகிறது?

வலைத்தச்சன்

இரண்டும் இருப்பதால்தான் வருகிறது. ரோபாட்ஸ் டாட் டெக்ஸ்ட் கூகுளின் நிரலைப் பக்கத்துக்குள் நுழையவிடாது, ஆனால் பட்டியலில் முகவரியைச் சேர்க்காதே என்று அது சொல்வதில்லை. வேறு எந்தத் தளத்திலாவது அந்த இணைப்பு இருந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று பாராமலேயே முகவரியைக் கூகுள் காட்டக்கூடும். நோஇண்டெக்ஸ் என்ற கட்டளையோ பக்கத்துக்கு உள்ளே இருக்கிறது. நுழையத் தடை விதித்துவிட்டதால் அதை அது படிக்கவே இல்லை. கதவைப் பூட்டிவிட்டு, உள்ளே சுவரில் அறிவிப்பு ஒட்டியது போலத்தான். ரோபாட்ஸ் டாட் டெக்ஸ்ட்டில் உள்ள தடையை எடுத்துவிடுங்கள், கூகுள் மறுபடி வந்து நோஇண்டெக்ஸைப் படித்ததும் முகவரி நீங்கும். அவசரமானால், தள உரிமையாளர்களுக்கான கூகுளின் சர்ச் கன்சோல் கருவியில் நீக்கும் வசதி இருக்கிறது, ஆனால் அது ஏறத்தாழ ஆறு மாதத்துக்கான தற்காலிக ஏற்பாடு மட்டுமே.

அந்தப் பட்டியல் பிடிஎஃப் கோப்பாகவும் இருந்தால் அதற்குள் மெட்டா டேக் எழுத இடமில்லை. சர்வரிலிருந்து எக்ஸ்-ரோபாட்ஸ்-டேக் என்ற ஹெடரில் நோஇண்டெக்ஸை அனுப்ப வேண்டும். அதோடு, நோஇண்டெக்ஸ் இரகசியத்தைக் காக்கும் பூட்டு அன்று. கழிவு விகிதம் பொது வாசகர் கண்ணில் படவே கூடாது என்றால் கடவுச்சொல் போடுவதுதான் வழி.

நிரல்மொழி

மிச்ச வரிகளையும் முடித்துவிடலாம். ரிவிசிட்-ஆஃப்டரைக் கூகுள் பொருட்படுத்துவதில்லை. எப்போது திரும்பி வருவது என்பதை அதுவே முடிவு செய்துகொள்ளும். ஆத்தர், காப்பிரைட் இருந்தால் தீங்கில்லை, எடுத்தாலும் யாரும் தேடமாட்டார்கள். வியூபோர்ட் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் கைபேசி உலாவி பக்கத்தை 980 பிக்சல் அளவில் மேசைக்கணினிப் பக்கம் போல விரித்துப் பிறகு சுருக்கிக் காட்டும், எழுத்து எறும்பு அளவுக்கு ஆகிவிடும். அந்த வரியில் யூசர்-ஸ்கேலபிள் நோ என்றோ மேக்சிமம்-ஸ்கேல் 1 என்றோ இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் நீக்குங்கள். விரலால் பெரிதாக்கிப் படிப்பதை அது தடுக்கிறது. ஐபோனின் சஃபாரி 2016-இல் வந்த ஐஓஎஸ் 10 முதல் அந்தத் தடையை மதிப்பதில்லை என்றாலும் மற்ற உலாவிகளை நம்பி இருக்க முடியாது. வயதான வாசகர்கள் நிறைய உள்ள பதிப்பகத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பக்கத்தின் மொழி தமிழ் என்று சொல்லும் அடையாளத்தை மெட்டாவில் எழுதாமல், ஹெச்டிஎம்எல் என்ற தொடக்க டேக்கிலேயே லாங் பண்பாக எழுதுங்கள். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் எந்தக் குரலில் படிப்பது என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது.

கரையோரம்

கடைசியாக ஒன்று. திருத்திய பிறகு சரிபார்ப்பதற்கு உலாவியின் இன்ஸ்பெக்ட் கருவியை மட்டும் நம்ப வேண்டாம். ஜாவாஸ்கிரிப்ட் ஓடி முடித்த பிறகு உள்ள நிலையைத்தான் அது காட்டும். வாட்ஸ்அப்பும் ஃபேஸ்புக்கும் ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டிப் பார்ப்பதில்லை, சர்வர் அனுப்பிய மூலத்தையே படிக்கின்றன. ஆகவே மூலநிரலைப் பார்க்கும் வசதியைத் திறந்து ஓஜி வரிகள் அங்கே இருக்கின்றனவா என்று பாருங்கள். ஹெட் பகுதிக்குள் தவறுதலாக ஒரு படமோ டிவ் டேக்கோ புகுந்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். அப்படி ஒன்று வந்த இடத்திலேயே ஹெட் முடிந்துவிட்டதாகக் கூகுள் எடுத்துக்கொள்ளும், அதற்குக் கீழே எவ்வளவு கவனமாக எழுதிய மெட்டா வரியும் அதன் கண்ணில் படாது.